கிரகணத்தன்று கேட்ட தப்பொலி

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறவன் நான். கோடாங்கிக்குக் கொடுக்கிற கோழியைப் பிள்ளைக்குக் குழம்பு வைத்துக் கொடு என்று தோட்டத்து லயத்துப் பெண்களிடம் சொல்லித் திட்டு வாங்கியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்து முடித்ததும் வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று நீங்கள் முணுமுணுக்கக்கூடும். நடந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. கண்ணும் காதும் பழுதில்லை. அன்று மாலையே எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

1955 ஜூன் 20, திங்கட்கிழமை. மன்மத வருடம், ஆனி அமாவாசை. காலையில் சூரிய கிரகணம். பழைய பஞ்சாங்கம் வைத்திருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயா தாண்டி உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். முதல் நாள் ஞாயிறு மாலை பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கூட்டி, கிரகணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன், என் வழக்கப்படி அண்டம் எப்படித் தோன்றியது என்பதுவரை போய்விட்டேன். அந்தக் காலத்தில் அதில் விஞ்ஞானிகளே இரண்டு கட்சி. எல்லாம் ஒரு காலத்தில் மிகச் சிறிய ஒன்றாகச் செறிந்து கிடந்து, அங்கிருந்து விரிந்தது என்றது ஒரு கட்சி. தொடக்கமே கிடையாது, எப்போதும் இப்படித்தான், விரிகிற இடத்தில் புதுப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக முளைத்துக்கொண்டே இருக்கிறது என்றது மற்றது. நான் இரண்டாவது கட்சி. தொடக்கம் என்று ஒன்றை ஒத்துக்கொண்டால், தொடக்கிவைத்தவர் யார் என்று கோயில் பண்டாரம் பிடித்துக்கொள்வார் என்கிற பயம்தான், வேறொன்றும் இல்லை.

அவர் எப்படியும் பிடித்துக்கொண்டார். "மொதல்ல நாதம்ங்க. அதுலேருந்துதான் அம்புட்டும் பொறந்துச்சு" என்றார்.

"காத்தே இல்லாத எடத்துல சத்தம் எப்படிங்க வரும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொழுந்தெடுக்கிற மீனாச்சி எழுந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வாய் மட்டும் வக்கீலுக்கு இருப்பதுபோல இருக்கும். "ஏங்கய்யா, அந்த நேரத்துல பாக்குறதுக்கு ஒரு ஆளும் இல்லைங்களே? பாக்க ஆளில்லாதப்ப அது இருந்துச்சுன்னு நீங்க எப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டாள். கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு பேச்சைக் கிரகணத்துக்குத் திருப்பினேன்.

கிரகண வேளையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகப் பெண்கள் யாருக்கும் மனமில்லை. துரையோ லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார். நான்தான் தைரியம் சொன்னேன். நல்ல இருட்டு எட்டு மணி பத்து நிமிடத்தை ஒட்டி நாலைந்து நிமிடம்தான் இருக்கும், அதற்கு முன்பே மேல்மலையில் மட்டமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள், வெளுத்ததும் எழுந்து அடுத்த மலைக்குப் போங்கள், ஒன்றும் ஆகாது என்றேன். முத்தையா கங்காணி அந்த நேரத்தைத் தன் கையில் எழுதிக்கொண்டார். இருபத்துமூன்று பெண்கள் அவர் பொறுப்பில். அவர்களில் ராக்கம்மா பிறவியிலேயே காது கேளாதவள், பேச்சும் இல்லை. ஊமைச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவள் எங்கே கேட்டாள், கூப்பிடுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுதான். கூப்பாடு கேட்காது என்பதால் கங்காணி அவளை எப்போதும் தன் முதுகுக்குப் பின்னால் நடக்க வைத்திருந்தார்.

மறுநாள் கிரகணத்துக்குப் பயந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் வரவில்லை. புகை பிடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் மேல்மலைக்கு ஏறினேன். மழை விட்டிருந்தது, ஆனால் பனிமூட்டம் பாலாடை போலக் கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மட்டத்தை அடைந்தபோது என் கைக்கடிகாரத்தில் எட்டாக ஐந்து நிமிடம். அங்கே யாரும் இல்லை. வெற்றிலைச் சாறு துப்பிய அடையாளம் மட்டும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தோட்டத்தில் இரண்டு நேரம் உண்டு. பக்டரியில் ஊதுகிற சங்கு, ஹட்டன் ஸ்டேஷன் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முந்தி ஊதும். ஆட்கள் விடியுமுன்னே பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக யாரோ பழைய துரை செய்துவைத்த ஏற்பாடு. தோட்டம் முழுவதும் சங்கு நேரத்தில் வாழ்ந்தது. கங்காணியின் பைக் கடிகாரமும் அதுதான். நான் ஒருவன் மட்டும், சரியான நேரம் வைத்திருக்கிறேன் என்ற பெருமையில், ஸ்டேஷன் நேரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தேன். பேப்பரில் பார்த்த நேரத்தை அப்படியே சொல்லிவிட்டேன். அவர்கள் சங்கு நேரப்படி எட்டுப் பத்துக்கு உட்கார்ந்து, ஒன்றும் நடக்காமல், தாண்டிவிட்டது என்று எழுந்து போயிருக்கிறார்கள். அடுத்த மலைக்குப் போகும் வழி கூனிப்பாறைப் பாதை. ஓர் ஆள் நடக்கிற அகலம், இடது கைப்பக்கம் பாறை, வலது கைப்பக்கம் பள்ளம், கீழே ஆற்றின் இரைச்சல். இருட்டு வரப்போகிற நேரத்தில் சரியாக அந்தப் பாதையில் அவர்கள் இருப்பார்கள்.

ஓடினேன். வரிசையின் வாலைப் பிடித்தபோது எட்டு ஒன்பது. கடைசியில் மீனாச்சி.

"வாங்கய்யா! ஒங்க கெரகணம் எங்களப் பாத்துப் பயந்து ஓடிப் போச்சுங்களே!"

"எல்லாரும் நில்லுங்க! அப்பிடியே ஒக்காருங்க! இனிமேத்தான் வரப்போவுது!"

"சும்மா இருங்கய்யா, கங்காணி கடியாரத்துல எட்டரை தாண்டிருச்சு. துரைக்கு நீங்க பதில்..."

சொல்லி முடிக்கவில்லை. மேற்கிலிருந்து மலைச்சரிவோடு ஒரு நிழல் ஓடி வந்தது. எங்கள் மலை முழு இருட்டுப் பட்டையின் ஓரத்தில்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்த மூட்டத்துக்குள் அதுவே போதுமாக இருந்தது. என் கையை முகத்துக்கு நேரே பிடித்தேன், தெரியவில்லை. குளிர்காற்று. முன்னால் யாரோ, "மண்ணு சரியுது! மண்ணு சரியுது!" என்று அலறினாள். கற்கள் உருண்டு விழுகிற சத்தம், பிறகு வெகு நேரம் கழித்து அவை தண்ணீரில் விழுகிற சத்தம். முன்னால் இருந்தவர்கள் பின்னால் வரத் தள்ளினார்கள், நடுவில் இருந்தவர்கள் முன்னால் போகத் தள்ளினார்கள், முதுகில் ஈரக் கொழுந்துக் கூடைகள் வேறு. ஒருத்தி விழுந்தால் நாலு பேரை இழுத்துக்கொண்டு போவாள். நான் மறுபடியும் உட்காருங்கள் என்றுதான் கத்தினேன். என் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் சாகப்போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. வந்த வழியே திருப்பிக் கூட்டிப்போகலாமா என்று பின்பக்கம் திரும்பி நின்றேன்.

அந்த நேரத்தில்தான் தப்புச் சத்தம் கேட்டது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், கேட்டதைச் சொல்கிறேன். தினமும் விடியலில் பெரட்டுக்கு அடிக்கிற அடி அல்ல. சாவுக்கோ திருவிழாவுக்கோ அடிப்பதும் அல்ல. ஓர் அடி. நீண்ட இடைவெளி. இரண்டு அடி. பிறகு நான்கு. பிறகு எட்டு. அதற்கு மேல் எண்ண முடியாமல் பெருகிப் பெருகி மலை முழுவதும் ஒரே அதிர்வாகி, சட்டென்று அடங்கி, மறுபடியும் ஓர் அடி. காதில் கேட்டதா, நெஞ்செலும்பில் கேட்டதா என்றால் இன்றும் சொல்லத் தெரியாது. அலறல் நின்றது. தள்ளுவது நின்றது. பயமும் போய்விட்டது, அதை எப்படிச் சொல்வது, நான் என்கிற ஆள் அங்கே ஒரு தனி ஆளாக இல்லை, கூடையும் பாறையும் இருட்டும் நானும் ஒன்றாக எங்கேயோ புறப்படத் தயாராக நிற்பதுபோல இருந்தது. அவ்வளவு படித்தவன், இதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை.

வரிசை நகர ஆரம்பித்தது. மீனாச்சியின் கூடையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். முன்னால் யாரோ அந்த அடிக்குச் சரியாகக் காலை மிதிக்கிறார்கள், அந்த மிதி பாதை வழியாக ஒவ்வொரு காலாக வந்து எங்கள் காலுக்கும் சேர்கிறது. ஒருவரும் வழுக்கவில்லை.

பாதை முடிந்து அகலமான புல்தரை காலில் பட்டபோது வெளிச்சம் வந்தது. மூட்டம் கிழிந்து, கீற்றுப் போலச் சூரியன். முதலில் தேயிலைச் செடிகளின் விளிம்பு, பிறகு பெண்களின் முகம், பிறகு மலை, ஒவ்வொன்றாக அப்போதுதான் உண்டாவதைப் போல வந்தன. தப்புச் சத்தம் நின்றுவிட்டது. கங்காணி தலைகளை எண்ணினார். இருபத்துமூன்று. மறுபடி எண்ணினார். இருபத்துமூன்று. திரும்பிப் பார்த்தால், பாதையின் நடுவில், நான் உட்காரச் சொன்னபோது அவர்கள் நின்ற இடத்தில், பத்தடி நீளத்துக்குப் பாதையே இல்லை. பச்சை மண் பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

மீனாச்சிதான் முதலில் குலவையிட்டாள். அடுத்தவள், அதற்கடுத்தவள், இருபத்திரண்டு பெண்கள் நாக்கைச் சுழற்றி வானத்தைப் பார்த்துக் குலவையிட்டார்கள். எதிர்மலையில் வேறு ஆட்கள் என்ன ஏது என்று தெரியாமலே பதில் குலவை போட்டார்கள். அதற்கும் அப்பால் இன்னொரு மலை. பள்ளத்தாக்கு முழுக்கப் பெண்களின் குரல். அப்படி ஒரு காலையை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

"யாரு முன்னால நடத்துனது? கங்காணிங்களா?" என்று கேட்டேன்.

"நானா?" கங்காணி அழுதுவிடுவார் போலிருந்தது. "நான் கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்துட்டேங்க. பின்னால இருந்து கோட்டப் புடிச்சுத் தூக்கி நிறுத்தி, என்னைத் தாண்டி முன்னால போனது இதுங்க" என்று ராக்கம்மாவைக் காட்டினார்.

அவள் குலவையில் சேரவில்லை. உள்ளங்கையால் தன் இரண்டு காதுகளையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தாள், எதையோ தொலைத்தவள் போல நாலு பக்கமும் பார்த்தாள். எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. குலவை மெல்ல நின்றது. மீனாச்சி போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "அடியே, நீயும் கேட்டியாடி?" என்றாள். பிறகு பெண்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். துரை ஏச வந்தவர், ஏசாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அன்றோடு ஊமைச்சி என்ற பெயர் அந்தத் தோட்டத்தில் ஒழிந்தது.

அன்று மாலை இருபத்துநான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன். ராக்கம்மா தரையில் விரலால் தட்டிக் காட்டினாள். அடி எல்லாருக்கும் ஒன்றுதான்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. சத்தம் எங்கிருந்து வந்தது என்றால், "எனக்கு நேர் முன்னாலங்க" என்றார்கள். கூனிப்பாறைப் பாதை அரிவாள் போல வளைந்தது. தலைப்பில் நின்றவர்களுக்கு முன்னால் என்பது வடக்கு, நடுவில் இருந்தவர்களுக்குக் கிழக்கு. நான் பின்பக்கம் திரும்பி நின்றேன் என்று சொன்னேனே, எனக்கும் முன்னால்தான் கேட்டது. தப்படிக்கிற காளிமுத்து அந்த வாரம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தார். அவர் தப்பு வீட்டுச் சுவரில், மழை ஈரத்தில் தோல் தளர்ந்து, சிலந்திவலையோடு தொங்கியது. தட்டிப் பார்த்தேன். நனைந்த சாக்கைத் தட்டுவதுபோல இருந்தது. மற்ற மலைகளில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பயத்தில் ஒருவருக்கொருவர் தொற்றிக்கொண்ட மயக்கம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 1965-இல் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவாக மெல்லிய இரைச்சல் ஒன்று வந்துகொண்டிருப்பதை அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள், அண்டம் தொடங்கியதன் மிச்சம் அது என்று நினைக்கிறார்கள் என்று. நான் இருந்த கட்சி தோற்றது. வருத்தமே வரவில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் கேட்கிற சத்தம் என்று எழுந்து நின்று சிரித்தேன்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மீனாச்சியும் ராக்கம்மாவும் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொள்ள வீட்டுக்கு வந்தார்கள். நான் புதிதாக வாங்கிய ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடியபோது ராக்கம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் வெறும் இரைச்சல் வந்தது. அவள் எழுந்து வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். விஞ்ஞானிகள் கேட்ட அலை வேறு, அந்தப் பெட்டியில் வருவது மின்னலும் இயந்திரமும் கிளப்புகிற இரைச்சல்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திருகாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

"என்னாடி, என்னா கேக்குது?" என்றாள் மீனாச்சி.

ராக்கம்மா வாய் நிறையச் சிரித்தாள். மற்றக் கையின் விரல்களால் மேசையில் தட்ட ஆரம்பித்தாள். பத்து வருடம் கழித்தும் அதே அடி. ஆனால் ஒன்றிலிருந்து அவள் ஆரம்பிக்கவில்லை. எண்ண முடியாமல் பெருகுகிற அந்த நடு இடத்திலிருந்து ஆரம்பித்தாள், இவ்வளவு காலமும் நிற்காமல் நடந்துகொண்டிருக்கிற ஒன்றோடு அப்போதுதான் கைசேர்ப்பவளைப் போல.