பாப்பா இல்லி

தொம்மலூருக்குக் குடிவந்த ஒரே வருஷத்தில் என் இரண்டரை வயது மகள் கீழ்வீட்டுப் பிள்ளைகளிடம் கன்னடம் பிடித்துக்கொண்டாள். எனக்கோ, 'கன்னடம் தெரியாது' என்று கன்னடத்தில் சொல்ல மட்டுமே தெரியும்.

அன்று மனைவி குளிக்கப் போயிருந்தாள். கூடத்துத் தூளியை விலக்கிப் பார்த்தேன். பிறந்து இருபது நாளான பையனைக் காணோம். அறைக்கு ஓடினேன். கட்டிலுக்கு அந்தப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த மகளின் தலை மட்டும் தெரிந்தது.

"பாப்பா எங்கடி?"

"பாப்பா இல்லி."

மழலையில் 'இல்லை' என்கிறாள் என்று நினைத்தேன். முந்தின நாள்தான், "பாப்பா வேணாம், ஆஸ்பத்திரில குடுத்துடு" என்று அழுதிருந்தாள்.

"என்னடி பண்ணினே அவனை?"

"இல்லிப்பா, இல்லி!"

பால்கனியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினேன். அவிழ்ந்த லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி குளியலறைக் கதவை இடித்து, "பையனைக் காணோம்! கேட்டா இல்லிங்கறா!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க! வெயில் படட்டும்னு கட்டிலுக்குப் பின்னால ஜன்னலோரம் போட்டிருக்கேன். அவதான் இல்லிங்கறாளே. கன்னடத்துல 'இங்கே'ன்னு அர்த்தம்."

திரும்பி ஓடினேன். பாயில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் அவன் காலைப் பிடித்தபடி காவல் இருந்தாள்.

லுங்கியை உடனே கட்டிக்கொண்டேன். மகள் முகத்தைப் பார்க்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.