நிமிராத கலிமா விரல்

விரல் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

நான் கூத்தாநல்லூர் ரியாஸ். துபாயில் ஒரு பேஸ்பால் அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறேன். பிட்சர். பந்தைத் தரையில் குத்த விடாமல் அடிக்கிறவனுக்கு எறிவதுதான் என் வேலை. ஊர் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவன் என்றுதான் என்னை எடுத்தார்கள். அந்தக் கிரிக்கெட் பழக்கமே என்னைக் கவிழ்த்தது. அன்று ஆட்டத்தில் எதிரணிக்காரன் அடித்த பந்து என் மேலேயே திரும்பி வந்தது. பந்தைப் பிடிக்க இடது கையில் கிளவுஸ் இருக்கிறது. வெறுங்கையில் கேட்ச் பிடித்தே பழகியவன், எறிகிற வலது கையை நீட்டிவிட்டேன்.

ஆள்காட்டி விரல், நாம் கலிமா விரல் என்போமே, அது நொறுங்கியது. ஆபரேஷன் செய்தும் வளைந்தே நின்றது. "ஊருக்குப் போ. எறிய முடிந்தால் அடுத்த சீசனுக்கு வா" என்றார்கள்.

ஊரில் ஆளாளுக்கு வந்து, "எல்லாம் நல்லதுக்குத்தான் தம்பி" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க விரலை உடைச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க" என்று ஒருவரிடம் கத்தியே விட்டேன்.

தொழுகையில் உட்கார்ந்து ஓதுகிற அத்தஹிய்யாத்தில் விரலை உயர்த்தினால் கொக்கி மாதிரி நின்றது. யா அல்லாஹ், நீ ஒருவன் என்று காட்டுகிற விரல் இது, இதை நேராக்க மாட்டாயா? அழுதேன். கோபத்தோடுதான் கேட்டேன்.

"டாக்டராலயே நேராக்க முடியலை. விரலை விடுங்க, எறியுறதுக்கு வழியைக் கேளுங்க" என்றாள் என் மனைவி நசீமா. அவள் மேலும் எரிந்து விழுந்தேன். ஆனால் அல்லாஹ்விடம் அப்படியே கேட்டேன்.

விரல் நிமிரவில்லை.

அறுவடை முடிந்த வயலில் நசீமாவின் தம்பி சாதிக்கை கிளவுஸ் போட்டு நிறுத்தினேன். செல்போன் கடைக்காரன், வாய் ஓயாது. "மெதுவா மச்சான், எனக்கு இன்னும் நிக்காஹ்கூட ஆகலை."

எறிந்தேன். நேராகப் போன பந்து அவன் கிட்டே சட்டென்று இறங்கி முழங்காலில் அடித்தது.

"என்ன மச்சான், பந்து செத்து விழுது!"

நம்பவில்லை. மறுபடி எறிந்தேன். மறுபடியும் இறங்கியது. காற்றா? ஒரு வைக்கோல்கூட அசையவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளைந்த விரல்தான் பந்தைச் சுழற்றிவிடுகிறது! விரல் நேராக இருந்தபோது எந்த கோச் சொல்லியும் எனக்கு வராத, அடிக்கிறவனை ஏமாற்றுகிற பந்து அது.

அங்கேயே ஸஜ்தாவில் விழுந்தேன். அறுத்த நெல்தாள் நெற்றியில் குத்தியது. சாதிக் பயந்துபோய் போனில், "அக்கா, மச்சான் விழுந்துட்டாரு!" என்று கத்துகிறான்.

அந்தப் பந்துதான் என்னைத் திரும்ப அணியில் சேர்த்தது. அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. என் கோபமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்படித்தான் தர வேண்டும் என்று அல்லாஹ்விடம் சட்டம் பேசுவதை விட்டுவிட்டேன். நீங்களும் கேளுங்கள். கோபமாக இருந்தாலும் அவனிடமே போய்க் கேளுங்கள்.

இங்கே துபாய்ப் பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுகிறவர்கள் என் விரலைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அல்ஹம்துலில்லாஹ், அது வளைந்தபடியே அவனைத்தான் காட்டுகிறது.