வெயிட்டர் கதிரையில் இருந்த படம்

சற்று முன் மரக்கறியும் வீடியோவும் விற்கிற என் கடையில் நடந்தது. இன்னும் வயிறு நோகச் சிரிக்கிறேன்.

மோர்னிங்சைட் தெருவில் மூடப்போன வீடியோக் கடையொன்றில் பழைய ஆங்கிலப் பகிடிப் படங்களைப் பெட்டியோடு மலிவாக வாங்கி விற்க வைத்திருந்தேன். வாடிக்கையாக வருகிற பிலோமினா அன்ரியைத் தவிர எங்கள் தமிழ் ஆட்கள் யாரும் தொடவில்லை. அவருக்குக் கதாநாயகன் தேவையில்லை. இளந்தாரியாகவும் வெயிட்டர், தலை நரைத்த பிறகும் வெயிட்டர் என்று படத்துக்குப் படம் வருகிற குண்டு நடிகர்தான் வேண்டும்.

இன்று கேட்டார்: "தம்பி, உந்த மனுசன் ஊருக்கெல்லாம் பரிமாறுது. ஒரு படத்திலயாவது இருந்து சாப்பிட்டதோ? காட்டும், முழுப் பெட்டியையும் வாங்கிறன்."

விடுவேனா? கடை டிவியில் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினேன். மரக்கறி வாங்க வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

ஒரு கசெற்றில் மனிதர் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார்! கரண்டியைத் தூக்கினார்! கடையே கைதட்டியது. அந்த நேரம் பார்த்துப் படத்தில் வருகிற முதலாளி மணியடிக்க, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"வாய்க்குள்ள போகேல்லை. உது செல்லாது!"

"இருந்தவர்தானே அன்ரி?"

"இருந்தால் பசி போகுமோ? மிச்சத்திலயாவது சாப்பிட்டிருப்பார். பெட்டியைத் தாரும், பாக்காமல் எனக்கு நித்திரை வராது."

அந்த வெயிட்டர் சாப்பிடுகிற படம் தெரிந்தவர்கள் எனக்கு மட்டும் எழுதுங்கள். அதைத் தேடிப் பிடித்து அன்ரிக்குத் தனியாக விற்கவேண்டும்.