முன்கூட்டியே போட்ட டிக்

என் வீட்டுக்காரர் பயணிகள் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது; சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறினால் அதிகம். வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மாதமும் மனிதர் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். மீட்டர் பெட்டியைத் திறப்பார், மூடுவார். பக்கத்து வீட்டு அழைப்புமணி கரகரக்கிறது என்று அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். என் பிறந்தநாள் மறந்துபோகும். கப்பலில் இருக்கும் ஒரு ஜெனரேட்டரின் ஆயில் அழுத்தம் மட்டும் மறக்காது.

அந்த ஜெனரேட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அது எனக்குச் சக்களத்தி மாதிரி. கப்பலில் கரன்ட் போனால் விளக்கு மட்டும் போகாது. லிஃப்ட் நடுவில் நிற்கும், பம்பு நிற்கும், கப்பலைத் திருப்பும் சுக்கான்கூட நின்றுவிடும். அதற்காகவே மேல்தளத்தில், தனி அறையில், ஓர் அவசர ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். கீழே எஞ்சின் அறையில் தண்ணீர் புகுந்தாலும் தீப்பிடித்தாலும் இது தப்பிக்க வேண்டுமே, அதனால்தான் மேலே. கரன்ட் போன முக்கால் நிமிடத்துக்குள் இது தானாகவே கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் பேட்டரியில் கொஞ்ச நேரம் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒரு முறை இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘ஆட்டோ’வில் இருக்கும் சுவிட்சை ‘மேனுவல்’ பக்கம் திருப்பி, அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் ‘ஆட்டோ’வுக்குத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால், கரன்ட் போகிற அன்றைக்கு அது இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கக் கீழே கன்ட்ரோல் அறையில் ஒரு விளக்கு உண்டு. அந்தக் கிழட்டுக் கப்பலில் அது கெட்டுப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. உதிரிபாகம் வருகிறது, வருகிறது என்றார்களே தவிர, வந்தபாடில்லை.

போன முறை அவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். துணி துவைக்கும் மெஷினின் குமிழ் இறுகிக் கிடந்தது. அதில் எண்ணெய் விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“என்னங்க, ஷாக் அடிச்சுதா?”

“இல்ல. சனிக்கிழமை டெஸ்ட் முடிஞ்சதும் சுவிட்சைத் திருப்பினேனானு யோசிக்கிறேன். ஞாபகம் வரமாட்டேங்குது.”

“சீட்டுல டிக் அடிச்சிருப்பீங்கல்ல?”

“அடிச்சேன். ஆனா அதை நம்ப முடியாது.”

விஷயம் இதுதான். அந்தச் சோதனைச் சீட்டில் பதினோரு கட்டங்கள். ஜெனரேட்டர் அரை மணி நேரம் காது கிழிய ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்கு வேறு வேலை கிடையாது. அதனால் எல்லோருமே அப்போதே சீட்டை முழுசாக நிரப்பிவிடுவார்களாம், ‘ஆட்டோவில் வைத்தாயிற்று’ என்ற கடைசிக் கட்டம் உட்பட. பிறகுதான் போய் வைப்பார்கள். சனிக்கிழமை இவர் சீட்டை நிரப்பி முடித்த நேரம், விமான நிலையத்துக்குப் போகும் வண்டி வந்துவிட்டது என்று போன். எஞ்சினை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது, பெட்டியை எடுக்க ஓடியது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

“போன் பண்ணிக் கேக்கணும். நாலு மணி வரைக்கும் துறைமுகத்துல நிப்பாங்க, அப்புறம் லைன் கிடைக்காது.”

எனக்குப் பகீரென்றது. அந்த வாரம்தான் அவருக்குத் தலைமை எலக்ட்ரீஷியன் பதவிக் கடிதம் வரவேண்டியிருந்தது. அந்தப் பதவியில் மூன்று மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு. வருடத்தில் பாதி நாள் எனக்குப் புருஷனும் மகளுக்கு அப்பாவும் இருப்பார்கள். பொய்க் கையெழுத்து போட்டவன் என்று தெரிந்தால் பதவி என்ன, இருக்கிற வேலையே நிற்குமோ என்னவோ.

“பதினஞ்சு வருஷமா செய்யற கை, தானா திருப்பியிருக்கும். சனிக்கிழமை அடுத்த டெஸ்ட் வருது, அப்ப எப்படியும் சரியாகிடும். வாயை மூடிக்கிட்டு உக்காருங்க” என்றேன்.

“நாலு நாள் இருக்கு. மூவாயிரம் பேரு.”

நான் அவருடைய போனை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆமாம், பூட்டினேன். அவர் என்னிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். மெஷின் பக்கம் போகவில்லை, சாப்பிடவில்லை. எனக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தேன்.

இரண்டு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மத்தியானம் கரன்ட் போச்சு. லிஃப்டுல ஒரு அம்மா, கைக்குழந்தையோட மாட்டிக்கிட்டாங்க. நான் வெளியில நிக்கிறேன். ஜெனரேட்டர் வர முப்பது செகண்டுதான் ஆச்சு. அந்த முப்பது செகண்டும் அந்தம்மா கதவைத் தட்டினது இருக்கே...”

நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். மனசார ஒன்றும் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவருக்குப் பதிலாகக் கப்பலில் ஏறியிருந்தவரை எல்லோரும் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சுக்கு நடுவில் நாலு கொட்டாவி விடுவார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, அதெல்லாம் ஆட்டோலதான் இருக்கும். நீங்க டிக் அடிச்சிருக்கீங்க, நானும் பொறுப்பேத்துக் கையெழுத்து போட்டுட்டேன்.”

“நீ பாத்தியா?”

“நீங்க அடிச்ச டிக்கை நான் எதுக்குண்ணே போய்ப் பாக்கணும்?”

“இப்ப மேல ஏறிப் போய்ப் பாரு. போனை வைக்காத.”

படியேறும் சத்தம் கேட்டது. இரும்புக் கதவு திறந்தது. அப்புறம் ஒரு கொட்டாவிகூடக் கேட்கவில்லை.

“அண்ணே, மேனுவல்லதான் இருக்கு.”

மூன்று நாள். அந்தக் கப்பல் மூவாயிரம் பேரோடு மூன்று நாள் அப்படியே மிதந்திருக்கிறது.

“திருப்பிட்டேண்ணே. சரியாயிடுச்சு. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். யாருக்கும் தெரிய வேணாம்.”

அப்பாடா என்று நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். வைத்த கையோடு மறுபடியும் எண்களை அழுத்தினார்.

“யாருக்கு?”

“சீஃப் இஞ்சினியருக்கு.”

“அதான் சரியாயிடுச்சே. உங்களுக்கு என்ன பைத்தியமா?”

“இன்னிக்கு எனக்கு ஞாபகம் வந்துது, சரி. எல்லாருந்தான் முன்னாடியே டிக் அடிக்கிறோம். இன்னொருத்தனுக்கு ஞாபகம் வரலைனா?”

ஒன்றுவிடாமல் சொன்னார். கொட்டாவி பார்க்காமல் கையெழுத்து போட்டதை மட்டும் சொல்லவில்லை. சீஃப் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார். அந்த வாரமே கடிதம் வந்தது, எச்சரிக்கைக் கடிதம். இனிமேல் கடைசிக் கட்டத்தை இன்னொருவர் வந்து கண்ணால் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும் என்று கப்பலில் உத்தரவு போட்டார்களாம். தலைமை எலக்ட்ரீஷியன் பதவி கொட்டாவிக்குப் போனது.

நான் எட்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருக்கிற அறுபது நாளில் எட்டு நாள். அந்தக் கணக்கை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மறுபடியும் ஒன்பது மாதத்துக்குப் போய்விட்டார், இது ஏழாவது மாதம். கொட்டாவியின் வீடும் எங்கள் ஊரில்தான்; அவர் மனைவி கடைத்தெருவில் பார்த்தால், “உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?” என்று விசாரிப்பாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவரைத் திட்டுவேன்.

போன வாரம் மகளின் வகுப்பை ஏரிக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள், படகுச் சவாரியோடு. துணைக்கு வந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. படகு ஒரு மணி நேரம் ஓடுமாம். பிள்ளைகள் வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை.

“டீச்சர், லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கா?”

“இருக்குங்க. படகுக்காரங்க எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டாங்க.”

“யாராவது எண்ணிப் பாத்தீங்களா?”

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மகள் வெட்கத்தில் தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் படகில் ஏறி, இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முப்பத்தொன்று இருந்தது.