கையால் சாப்பிடும் கடை

அக்கா மாமாவோடு கோலா கங்சாருக்குத் திரும்பிப் போவாளா, எங்களோடேயே இருந்துவிடுவாளா என்பது அந்தச் சாப்பாட்டில் முடிவாக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா அக்காவை அடிப்பது அவருக்கும் தெரியும். "குடும்பம்னா நாலும் இருக்கும்லா. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா சரியாப் போயிரும்," என்றார். அடி விழுந்தது அவர் முதுகிலா?

பழைய ரப்பர் எஸ்டேட்டை வெட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. அக்கா வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வெக்கையிலும் நீளக்கைச் சட்டைதான் போட்டாள். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

சமாதான விருந்துக்கு மாமா தேர்ந்தெடுத்த இடம் ஈப்போ பழைய டவுனில் விலை கூடின ஒரு ஜப்பானியக் கடை. துணைக்கு என்னை அனுப்பினார்கள். மொத்தமே எட்டு நாற்காலி, முன்னால் நீளமாக ஒரே மரப்பலகை. அந்தப் பக்கம் நிற்கும் சமையல்காரர் பச்சை மீனை நறுக்கி, கையால் உருட்டிப் பிடித்த சோற்றின் மேல் வைத்து ஒவ்வொன்றாகத் தருவார். காசைக் காட்டினால் காயம் ஆறிவிடும் என்று மாமாவுக்கு நினைப்பு. அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பல்லைப் பெயர்க்க வேண்டும்போல் இருந்தது.

முதல் துண்டை வைத்த சமையல்காரர், ஒரு ஈப்போ சீனர், கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம் என்று மலாயில் சொன்னார். நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா, மாமாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள்.

மீனுக்காகத் தொங்கவிட்ட விளக்கு எல்லாவற்றையும் காட்டியது. கன்றிப்போன விரல் தடங்கள். அவற்றுக்கு மேலே, இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த புண், இன்னும் ஈரமாக. அடிப்பது எனக்குத் தெரியும், சூடு போட்டது தெரியாது.

மாமா சிரிப்பு மாறாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "கைய மூடு. மானத்த வாங்காத." அவள் எடுத்த துண்டு கீழே விழுந்தது. அக்கா கத்தினாள். அத்தனை பேர் முன்னால் பளாரென்று அறைந்தார்.

கையிலிருந்த சாஸ் கிண்ணத்தோடு அவர் வாயில் குத்தினேன். நாற்காலியோடு சரிந்தவர் எழுந்து என் கழுத்தை நெரித்தார். அவர் தலையைப் பிடித்துப் பலகையில் மோதினேன். மறுபடியும் மோதினேன். தட்டுகள் நொறுங்கின. சமையல்காரர் முதலில் செய்தது, கத்திகளை அள்ளித் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனதுதான். நல்லவேளை. ஒன்று கைக்கு எட்டியிருந்தால் குத்தியிருப்பேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் எங்களைப் பிரித்தார்கள்.

மாமா ரத்த வாயோடு வாசலில் நின்றார். "வண்டில ஏறுடி! இப்ப வரலேன்னா என் வாசப்படிய மிதிக்காத!" வெளியே போய்க் காரில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார்.

கீழே விழுந்த துண்டுக்குப் பதிலாகச் சமையல்காரர் இன்னொன்று செய்து அக்கா முன்னால் வைத்தார். அக்கா மற்றச் சட்டைக் கையையும் மடித்துவிட்டு, எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது.

"நல்லாருக்குடா," என்றாள். "இன்னொன்னு கேளு."