மாதாவோடு வந்த பென்டிரைவ்

அடுத்தவர் வீட்டுக் கணினியைத் திறந்து பழுது பார்க்கிறவள், அதற்குள் தற்செயலாகக் கண்டுவிட்ட ஒன்றை என்ன செய்ய வேண்டும்? உரியவரிடம் சொல்ல வேண்டுமா, ஊருக்குச் சொல்ல வேண்டுமா, காணாதவள்போல் மூடியைத் திருகி முடுக்கிவிட்டு எழுந்து வர வேண்டுமா? கடியப்பட்டணத்து ஷிஜியின் வாழ்க்கை இப்படியொரு கேள்வியைக் கேட்டது என்று சொன்னால் அவளே சிரிப்பாள். ஆனாலும் 2011 அக்டோபரில் சில நாட்கள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் இந்தக் கேள்விதான்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்தது விருப்பப்பட்டு அல்ல. 2005-இல் பஹ்ரைனிலிருந்து விடுமுறைக்கு வந்த கணவன் ஜெனின், நாகர்கோவிலில் ஒரு கணினி வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போனான். முகம் பார்த்துப் பேசலாம் என்பது திட்டம். கடற்காற்று அந்தத் திட்டத்தை மதிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டி உயிரை விட்டது. நாகர்கோவிலிலிருந்து மெக்கானிக் வந்து, மெமரித் துண்டைக் கழற்றி, அதன் மஞ்சள் நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, மறுபடி சொருகிவிட்டுப் போவார். உப்புக் காற்றில் பற்கள் களிம்பேறியிருந்தன, அவ்வளவுதான். இரண்டாம் முறை அவர் தேய்ப்பதை ஷிஜி பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்றாம் முறை அவரைக் கூப்பிடவில்லை.

பிறகு நாகர்கோவிலில் ஆறுமாதப் படிப்பு. அதன் பிறகு அக்கம்பக்கத்து வீடுகள். ஆண்கள் கடலிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீட்டில் வெளியாள் ஒருவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெருவுக்கு அது செய்தி. ஷிஜி உட்கார்ந்திருந்தால் செய்தியில்லை. முட்டம் முதல் மணவாளக்குறிச்சி வரை அவளைக் கூப்பிட்டதற்கு அவளுடைய திறமையைவிட இதுவே பெரிய காரணம். திறமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. திரையில் யாருடைய கடிதமாவது திறந்து கிடந்தால், படிக்காமல் முதலில் அதை மூடுவாள். அப்புறம்தான் வேலை. இந்தப் பழக்கத்தை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தப் பகுதியில் முப்பது கத்தோலிக்க வீடுகள் கூடி ஜெபிக்கும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அக்டோபர் மாதம் முழுவதும் மாதாவின் சிலை, அதாவது சுரூபம், ஒவ்வொரு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். சாயந்திரம் ஏழு மணிக்கு எல்லாரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். மறுநாள் பாட்டோடு அடுத்த வீட்டுக்கு. அந்த ஆண்டு அன்பியத் தலைவி கிரேசிக்கு ஒரு யோசனை வந்தது. பதினோரு வீட்டில் கணினி இருக்கிறது, பாட்டை அதில் போட்டால் என்ன? ஷிஜியைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஷிஜி புதிய பென்டிரைவ் ஒன்றில் பாட்டுகளை ஏற்றி, ஜெபமாலைத் தியானங்களின்படி மகிழ்ச்சி, துயரம், மகிமை, ஒளி என்று நான்கு பிரிவாக வைத்துக் கொடுத்தாள். கிரேசி அதை நீல ரிப்பனில் கோத்து மாதாவின் கழுத்தில் ஜெபமாலையோடு மாட்டினாள். ஒன்றாம் தேதி சுரூபம் கிரேசியின் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது.

எட்டாம் தேதி அதே அன்பியத்து எலிசா கூப்பிட்டாள். மகளின் கல்யாணப் படங்களைக் கணினியில் வைத்து, ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவள்.

“எட்டி ஷிஜி, ஓடி வா. படம் இருந்த கூடுக்க மூலையிலெல்லாம் ஒரு வளைஞ்ச அம்பு நிக்குது. நான் அந்த அம்பையெல்லாம் அழிச்சேன். இப்பம் கூடே இல்ல!”

ஷிஜி போய்ப் பார்த்தாள். கூடு என்று எலிசா சொன்னது ஃபோல்டரை. வைரஸ் நிஜமான ஃபோல்டர்களை ஒளித்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வெளியே நிறுத்தியிருந்தது. போலியைத் தொட்டால் உள்ளே இருப்பது திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். அடுத்து எந்த பென்டிரைவ் வந்தாலும் அதில் ஏறிக்கொள்ளும். ஷிஜி வைரஸைக் கொன்றுவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். ஒளிந்திருந்த படங்கள் எல்லாம் திரும்பி வந்தன.

“போகல்ல அத்தை. ஒளிச்சு வச்சிருந்துது, அவ்வளவுதான். எந்த பென்டிரைவ் மாட்டினிய?”

“ஒண்ணும் மாட்டல்ல மக்கா.”

“நல்லா ஓர்த்துப் பாருங்க.”

“அந்தோணியார் மேல சத்தியம், ஒண்ணும் மாட்டல்ல.”

எலிசா பொய் சொல்லவில்லை. மாதாவின் கழுத்தில் வந்ததை அவள் பென்டிரைவ் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அடுத்த ஐந்து நாளில் ஆறு வீடுகளில் அதே அம்பு. ஷிஜி ஆறு வீட்டிலும் அதையே கேட்டாள். ஆறு வீட்டிலும் அதே பதில். ஒருத்தி, “ஆன்டிவைரஸ் போட்டிருக்கே, பின்ன எப்படி வந்துது?” என்று சண்டைக்கு வந்தாள். எப்போது போட்டது என்று கேட்டதற்கு, “வாங்கும்பம். இத ஒருக்கப் போட்டாப் போதாதா? ஞானஸ்நானம் என்ன வருசாவருசமா குடுக்காவ?” என்றாள். அதை மாதாமாதம் புதுப்பிக்காவிட்டால் புதிதாக வரும் வைரஸ் அதற்குத் தெரியாது என்று ஷிஜி விளக்கினாள். யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

காரணம் தெரியாத நோய்க்கு ஊர் ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ளும். பதினாலாம் தேதி ஜெபமாலை முடிந்ததும் கிரேசி எழுந்து நின்று அதைச் சொன்னாள்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நம்ம பிள்ளையளெல்லாம் மணவாளக்குறிச்சியில அந்த மைதீன் கனிக்க மகன் கடையில போயி போனுக்குப் பாட்டு ஏத்துது. அந்த போனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர்ல சொருகுது. வேற எங்க இருந்து வரும்? அவன் வேணும்னே விட்டாலும் விட்டிருப்பான். ஆரு கண்டா?”

கடைசி இரண்டு சொற்களை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவைதான் கரையெங்கும் போயின.

மைதீன் கனியின் மகன் ஃபாயிஸுக்கு இருபத்தாறு வயது. ஜங்ஷனில் ஒரு மேசை அகலமே உள்ள கடை. ரீசார்ஜ், மெமரி கார்டில் பாட்டு, சில்லறைக் கணினிச் சாமான்கள். ஷிஜிக்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் அவனிடமிருந்துதான். கடற்கரைக்காரர்கள் வராவிட்டால் அந்தக் கடைக்கு வேறு ஆளில்லை. பதினாறாம் தேதி ஷிஜி போனபோது அவன் தனியாக உட்கார்ந்து, துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, நேத்து ரெண்டு பயலுவ வந்து, ‘வைரஸ் கிலோ என்ன விலை?’ன்னு கேட்டுட்டுச் சிரிச்சிட்டுப் போறானுவ. நானும் சிரிச்சேன். பின்ன வாப்பா சொல்லுதாரு, ரெண்டு நாள் கடையைத் தொறக்காண்டாம்னு. சிரிக்கிறவனுக்குப் பொறவே வேற ஆளு வருவான்னு அவருக்கு ஒரு பயம். நீங்களே இதப் பாருங்க. எனக்கிட்ட உண்டும்னா இப்பமே பூட்டிருதேன்.”

அவள் முக்கால் மணி நேரம் பார்த்தாள். அவன் கணினியில் ஒன்றுமில்லை. காலையில்தான் புதுப்பித்த ஆன்டிவைரஸ்.

“சுத்தமா இருக்கு தம்பி.”

“எனக்குத் தெரியும். அவியளுக்கு ஆரு சொல்லுவா?”

வீட்டுக்கு வந்து தன் கணினியைப் போட்டாள். ஜெனின் அனுப்பிய படங்கள் இருந்த ஃபோல்டரின் மூலையில் வளைந்த அம்பு நின்றது. ஊருக்கெல்லாம் புதுப்பிக்கச் சொன்ன ஆன்டிவைரஸை அவள் இதில் புதுப்பித்துச் சில மாதங்களாகியிருந்தன.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதம் அவள் தன் கணினியில் சொருகியது ஒன்றே ஒன்றுதான். ஆறாம் தேதி கிரேசி ஒரு பாட்டு விட்டுப்போனதென்று சொன்னதால், மாதாவின் பென்டிரைவை வாங்கி வந்து ஏற்றிக் கொடுத்திருந்தாள். ஒரு நொடியில் எல்லாம் பொருந்தியது. எந்த வீட்டிலும் பென்டிரைவ் மாட்டவில்லை என்றார்கள். மாதா போகாத ஒரு வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. அந்த பென்டிரைவைச் செய்து கொடுத்தது அவள். நாள் முழுவதும் நோய்பிடித்த பெட்டிகளில் கை வைத்துவிட்டு, அதே கையோடு வீட்டுக்கு வருகிறவளும் அவள்தான். தன்னிடமிருந்துதான் புறப்பட்டது. அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பயந்த மனது முதலில் கிடைக்கும் விடையைப் பிடித்துக்கொள்ளும். அது தனக்கு எதிரான விடையாக இருந்தால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வீடும் கூப்பிடாது. சொல்லாவிட்டால் ஃபாயிஸின் கடை. தொலைபேசியில் ஜெனின், “உனக்க சத்தம் என்ன ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டான். தொண்டைக்கட்டு என்றாள். சுரூபம் பக்கத்துத் தெருவில் பாட்டோடு போகும் சத்தம் கேட்டால் கைவேலை நின்றுவிடும். இன்று எந்த வீடு, அங்கே கணினி உண்டா என்று விரலை மடக்கிப் பார்ப்பாள்.

பத்தொன்பதாம் தேதி காலை, மாதா இருந்த வீட்டுக்குப் போய், பாட்டு சரியாகக் கேட்கவில்லையாம் என்று ஒரு பொய்யைச் சொல்லி பென்டிரைவைக் கழற்றி வாங்கினாள். பஸ் ஏறி ஃபாயிஸ் கடைக்குப் போனாள். தன்னுடையதில் வைத்துப் பார்க்க அவளுக்குப் பயம். நம்பிக்கையான கணினி இப்போது அவனுடையது ஒன்றுதான்.

“இதுதான் தம்பி. மாதாக்க கழுத்துல கெடந்தது. நான் செஞ்சு குடுத்தது.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பென்டிரைவை வாங்கித் தன் கணினியில் சொருகினான். ஆன்டிவைரஸ் கத்தியது. அழிக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஒளிந்திருந்ததையெல்லாம் வெளியே காட்டச்செய்தாள். இத்தனை நாளும் பெயரை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போதுதான் ஒவ்வொன்றும் அதில் ஏறிய தேதியையும் பார்த்தாள். பாட்டுகள் எல்லாம் செப்டம்பர் இருபத்தெட்டு. பின்னால் சேர்த்த ஒரு பாட்டு அக்டோபர் ஆறு. வைரஸும், நான்கு போலி அம்புகளும் 2002 ஜனவரி ஒன்று.

ஃபாயிஸ் சிரித்துவிட்டான். “இந்த பென்டிரைவ் அப்பம் பொறந்தே இருக்காதே அக்கா.”

ஷிஜி சிரிக்கவில்லை. கணினியின் பலகையில் காசு அளவில் ஒரு பாட்டரி இருக்கும். கரண்டு இல்லாத நேரத்திலும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போனால் சில கணினிகள் ஒவ்வொரு முறை போடும்போதும் 2002 ஜனவரி ஒன்றில்தான் கண்விழிக்கும். அவை பென்டிரைவில் எழுதுவதற்கெல்லாம் அந்தத் தேதிதான் விழும். அந்த அன்பியத்தில் அப்படிக் கண்விழிக்கும் கணினி ஒன்றே ஒன்று. பாட்டரியை மாற்றச் சொல்லி மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. மூன்று தடவையும் ஒரே பதில். “மணி பாக்கத்தான் செவுத்துல மணி கெடக்கே, ஏட்டி. இதுல வேற என்னத்துக்கு?”

கிரேசியின் பதில் அது. மாதா புறப்பட்ட முதல் வீடு. அவள் வீட்டில் முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும்தான் கணினியைப் போடுவார்கள். படமோ ஃபோல்டரோ யாரும் தேடுவதில்லை. அம்பு நின்றாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“உங்க கம்ப்யூட்டர்ல தேதி சரியா இருக்குதா அக்கா?”

“இருக்கு.”

“அப்பம் உங்களுக்கிட்ட இருந்து வரல்ல. இத ஏத்தினது வேற ஆரோ. ஆருன்னு உங்களுக்குத் தெரியும், முகத்தைப் பாத்தாலே தெரியுது.”

“நீ இத அழிச்சுச் சுத்தமாக்கித் தா தம்பி” என்றாள் ஷிஜி.

அன்று சாயந்திரம் மாதா ஏசுஅடிமையின் வீட்டில். வயதான கட்டுமரக்காரர். மகன் வாங்கிவைத்த கணினிக்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தார். ஜெபமாலை முடிந்து, காப்பி வருவதற்குள் ஷிஜி எழுந்து நின்றாள். பிரார்த்தனைப் புத்தகத்தை மூடிக் கையில் பிடித்துக்கொண்டாள். கிரேசி நேர் எதிரே, சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு காரியம் சொல்லணும். நம்ம வீடுகள்ல வந்த வைரஸ் இந்த மாதாக்க பென்டிரைவ்லதான் வந்துது. ஃபாயிஸ் கடைக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. அவனுக்க கம்ப்யூட்டரை நானே பாத்தாச்சு.”

“மாதா கூட வந்ததுல வைரஸா?” என்று எலிசா வாயில் கைவைத்தாள்.

“அப்பம் அதுல எப்படி ஏறிச்சு?” என்றாள் கிரேசி.

ஷிஜி கிரேசியையே பார்த்தாள்.

“எனக்க கம்ப்யூட்டர்ல இருந்து. பிழை எனக்கது.”

ஏசுஅடிமைதான் முதலில் வாய்திறந்தார். “டாக்டரம்மைக்கே காய்ச்சலு! இனி நாம ஆருகிட்ட ஊசி போட?” எல்லாரும் சிரித்தார்கள். ஷிஜியும் சிரிக்கப் பார்த்தாள்.

“நம்ம பிள்ள ஆனதுனால ஒளிக்காம சொன்னா” என்றாள் கிரேசி, பெருமையாக.

“கிரேசி அக்கா, அந்தப் பையனைப் பத்தி அண்ணைக்குச் சொன்னது தப்புன்னு நீங்களே எல்லாருக்கிட்டயும் சொல்லணும். நான் சொன்னாப் போராது.”

கிரேசிக்கு முகம் கறுத்தது. ஆனாலும் சொன்னாள். அந்த இடத்திலும் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நின்றபோதும் சொன்னாள். ஃபாயிஸின் கடைக்கு ஆட்கள் திரும்ப நவம்பர் பாதியானது. சிலர் திரும்பவேயில்லை. ஷிஜியின் கதையும் அப்படியே. நான்கு வீடுகள் நாகர்கோவில் மெக்கானிக்கைக் கூப்பிடத் தொடங்கின. அதில் இரண்டு வீடுகள் பிறகும் அவளைத் தேடவில்லை.

ஷிஜி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதைப் பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. கிரேசியின் வாய்க்குப் பயந்ததாகவும் இருக்கலாம். குற்றவாளி நான்தான் என்று இரண்டு நாள் நம்பியவளுக்கு அந்த நம்பிக்கையை விட மனம் வராமல் போயிருக்கலாம். பிறர் கணினியில் கண்டதைச் சொல்வதில்லை என்ற பழைய பழக்கமே அப்போது வாயை மூடியிருக்கலாம். அவள் பொய் சொன்னாள் என்பது மட்டும் உறுதி. அது யாருக்காக என்பது உறுதியில்லை.

ஏசுஅடிமை வீட்டு ஜெபமாலைக்கு மறுநாள் காலை அவள் ஃபாயிஸின் கடைக்குப் போனாள். அவன் காது வரைக்கும் செய்தி வந்திருந்தது.

“ஏன் அக்கா அப்படிச் சொன்னிய? தேதியை நானும்தானே பாத்தேன்?”

“பலகையில போடுத பாட்டரி ஒண்ணு தா” என்றாள்.

அங்கிருந்து நேரே கிரேசியின் வீட்டுக்கு வந்தாள். எல்லா வீட்டிலும் ஒருதடவை பார்த்துவிடுவதாகச் சொன்னாள். வைரஸை எடுத்தாள், ஆன்டிவைரஸைப் புதுப்பித்தாள், பெட்டியைத் திறந்து செத்த பாட்டரியை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தினாள். தேதியைத் திருத்தினாள். அக்டோபர் இருபது, 2011.

“நான் கேக்கவேயில்லியே, பின்ன என்னத்துக்கு ஏட்டி?” என்றாள் கிரேசி, காப்பியோடு வந்து நின்று.

ஷிஜி மூடியைத் திருகி முடுக்கினாள். ஜெனின் அடுத்த விடுமுறையில் வந்தபோது ஃபாயிஸிடம் கதையைக் கேட்டுவிட்டு, வீட்டில் இரண்டு முறை விசாரித்தான். ஃபாயிஸும் பின்னால் பல தடவை கேட்டான். யாருக்கும் அவள் காரணம் சொன்னதில்லை. அன்று கிரேசி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பழைய பாட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.