குனிந்தால் வராத வலி

செவிலிமேட்டில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் கங்கையம்மாள் தனியாக வாழ்ந்து வந்தாள். பட்டுப்புடவைகளின் முந்தானை நூலை முறுக்கிக் குஞ்சம் கட்டுவது அவளுடைய தொழில். கணவர் முனிசாமி காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் பாலாஜி ஓசூரில் வேலை பார்த்தான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவான். மற்ற ஆறு நாள்களும் அவளுடைய பேச்சைக் கேட்டவை முந்தானைகளே.

நெஞ்செரிச்சல் அவளுக்குப் பழைய உறவு. சாப்பிட்ட கையோடு குனிந்து குஞ்சம் கட்ட உட்கார்ந்தால், நடு மார்பு எரிந்து, புளித்த நீர் தொண்டைவரை ஏறும். இரண்டு முறை அதை மாரடைப்பு என்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடினாள். இரண்டு முறையும் பாலாஜி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு முறையும் ஈசிஜியில் குறையொன்றும் இல்லை. ஊருக்குத் திரும்பப் பேருந்தில் ஏறும்போது, "அடுத்த வாட்டி ஒரு சோடா குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் கூப்பிடுமா" என்று சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள். அவன் போன பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை படைக்கும்வரை தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்பது அவளுடைய விரதம். துளசி பறிக்க மொட்டைமாடிக்கு ஏறியவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். மார்பின்மேல் அம்மிக்கல்லை வைத்தாற்போல் இருந்தது. நின்றதும் சற்றே விட்டது. பட்டினி வயிற்றில் வாயு கட்டிக்கொண்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரத நாளில் வரும் எந்த வலிக்கும் அந்தத் தெருவில் அதுதான் பெயர்.

கீழே வந்து, எரிச்சலுக்குக் குடிக்கும் வழக்கமான வெள்ளை மருந்தை விரதத்தை மீறிக் குடித்தாள். பாதியில் விட்டிருந்த மாக்கோலத்தை முடிக்கக் குனிந்தாள். எப்போதும் குனிந்தால் எரியும், இன்று எரியவில்லை. புளிப்பும் ஏறவில்லை. நிமிர்ந்து அடுப்படிக்கு நாலடி நடந்ததும் அந்தக் கல் மறுபடியும் வந்து உட்கார்ந்தது. தாடை கடுத்தது. முதுகு வியர்வையில் நனைந்தது.

மருத்துவர் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. "எரிச்சலா, அடைப்பான்னு ஈசிஜி எடுக்காம எனக்கே பல நேரம் தெரியாதும்மா. நடந்தா அழுத்துதா, வேர்க்குதா, கைக்கோ தாடைக்கோ பரவுதா, வெக்கப்படாம வந்துடுங்க."

வெட்கம்தான் குறுக்கே நின்றது. கைப்பேசியில் பாலாஜியின் பெயரைப் பார்த்தாள், அழுத்தவில்லை. மாடியில் குடியிருந்தவர்கள் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள். தெருமுனை ஆட்டோக்காரன் சிட்டிபாபுவை அழைத்தாள்.

"எந்தக் கோயிலுக்கும்மா? எங்க பாத்தாலும் கூட்டம் நெரியுது."

"ஆஸ்பத்திரிக்குப்பா."

"போன வாட்டியும் இப்படித்தான் என்னைப் பறக்க வெச்சம்மா. திரும்பி வர்றப்போ பஜ்ஜி வாங்கித் தின்னுக்கினு வந்தோம்."

"இன்னிக்குப் பேசாம ஓட்டுப்பா."

அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியை விரட்டினான்.

முந்தைய முறைகளில் ஈசிஜி தாளை மடித்து அவளிடமே கொடுத்த செவிலியர், இம்முறை அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைந்தார். திரும்பி வந்து மாத்திரைகளைக் கொடுத்து, மென்று விழுங்கச் சொன்னார்.

"ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்குதும்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. கூட யாரு வந்திருக்காங்க?"

"ஆட்டோக்காரரு வெளியில இருக்காரு."

"சொந்தக்காரங்க யாரும்மா?"

கங்கையம்மாள் கைப்பேசியை எடுத்தாள்.

"என்னம்மா, மறுபடியும் கேஸ் டிரபிளா?" என்றான் பாலாஜி.

"இல்லப்பா. இந்த வாட்டி நெஞ்சடைப்புதான்."

மறுமுனையில் சிரிப்பு எழவில்லை. "கெளம்பிட்டேன்மா" என்றான். அவள் சொல்லை மகன் கேள்வி கேட்காமல் நம்பினான்.

ஓசூரிலிருந்து வந்துசேர ஐந்து மணி நேரமாவது ஆகும். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றுகொண்டு, நோயாளிக்குக் கஞ்சியா இட்லியா என்று வாதாடிக்கொண்டிருந்தனர். கங்கையம்மாளின் விரல்கள் போர்வையோரத்துப் பிரிநூல்களைத் தேடி எடுத்து, முறுக்கி, ஒவ்வொன்றாக முடிச்சிட்டன. "கைய அசைக்காதீங்கம்மா" என்று செவிலியர் வந்து சொல்லும்வரை.